மணலில் ஒரு குச்சி மிஞ்சினாலும்

வரிசை மாறாமல் சொல்கிறேன், தம்பி. வரிசை மாறினால் நியாயம் மாறிவிடும்.

முதலாவது அநீதி, தூண்டில் வளைவு. எங்களுக்கு வடக்கே இருக்கிற ஊருக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டி வளைவு கட்டினார்கள். அங்கே மணல் சேர்ந்தது. எங்கள் சிப்பித்துறையில் கடல் ஏறி வந்து இரண்டு தெருவைத் தின்றது. அதை எதிர்த்து முதல் நோட்டீஸ் எழுதியவன் நான். 'எச்சரிக்கை! எச்சரிக்கை!' என்று தொடங்கும். அடியில் என் பெயரைப் போடச் சொல்லிக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது 'இவண், ஊர்ப் பொதுமக்கள்' என்று இருந்தது.

இரண்டாவது அநீதி, ஆழிப்பேரலைக்குப் பிறகு. பாயும் பாத்திரமும் தருகிறோம் என்று வரிசையில் நிற்கவைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், கரையை விட்டு ரோட்டுக்கு மேற்கே குடிபோக எங்களுக்குச் சம்மதம் என்று அந்தக் கையெழுத்துகளுக்கு மேலே எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. பாயும் வாங்கவில்லை. இன்றுவரை வெறுந்தரையில்தான் படுக்கிறேன். அன்றிலிருந்து எந்தத் தாளிலும் என் கையெழுத்துக் கிடையாது. ஒரே ஒரு தாளைத் தவிர. அதற்கு வருகிறேன்.

மூன்றாவது அநீதி, கலெக்டர் ஆபீஸ் முற்றுகை. போலீஸ் ஊரில் பாதிப் பேர்மீது வழக்குப் போட்டது. வேடிக்கை பார்க்கப் போனவன் பெயர்கூட அதில் இருந்தது. என் பெயர் இல்லை. நான் அந்த நேரத்தில் தூத்துக்குடியில், அச்சகத்தில், அடுத்த நோட்டீஸுக்குப் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு போராட்டத்தின் மூளை எங்கே இருக்கும்? அச்சகத்தில்தான் இருக்கும். இது போலீஸுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் விட்டார்கள்.

நான்காவது அநீதி, கோயில் முன்னால் நட்ட கல்வெட்டு. வழக்கு வாங்கியவர்களின் பெயரை எல்லாம் அதில் வெட்டினார்கள். "ஒம்ம மேல கேஸே இல்லியே, எதை வச்சு வெட்ட?" என்று கேட்டான் ஊர்க் கமிட்டியில் இருக்கிற என் சொந்த மச்சினன்.

ஐந்தாவது அநீதி இதே கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கோடியில், நீலச் சேலை, மடியில் பிளாஸ்க். திரும்பிப் பார்க்காதீர்கள்.

எமிமாள் டீச்சர். எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. தற்காலிக வேலை. சொந்த ஊர் மேற்கே, சாத்தான்குளத்தையும் தாண்டி. பனையையும் செம்மண்ணையும் பார்த்து வளர்ந்தவருக்குக் கடற்கரையில் என்ன வேலை? கேள்வி எழுகிறதா இல்லையா? இன்று காலை எனக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தனுப்பினார். சீனி போடாத டீ. எனக்குச் சர்க்கரை இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? விசாரித்திருக்கிறார். டீயைக் குடித்தேன், அது வேறு விஷயம்.

இந்த வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கரைக்கு வந்தார். கையில் ஒரு டேப், வெள்ளைக் கயிறு, பந்து. அப்புறம் நான்கு முளைக்குச்சிகள். குச்சியின் தலையில் சிவப்புப் பெயிண்ட். தம்பி, நீங்கள் உள்நாட்டுக்காரர், உங்களுக்குத் தெரியாது. எங்கள் கரையில் சிவப்புத் தலைக் குச்சி நட்டவன் எவனும் சும்மா போனதில்லை. முதலில் குச்சி வரும், பிறகு கல் வரும், பிறகு கம்பிவேலி வரும், பிறகு வேலிக்கு உள்ளே இருந்து ஒரு வாட்ச்மேன் 'யார் நீ' என்று நம்மைப் பார்த்துக் கேட்பான். தெற்கே இரண்டு ஊரில் இப்படித்தான் ஒரு கம்பெனி சொகுசு விடுதி கட்டியிருக்கிறது.

நான் நேரே போய் டேப்பின் இந்த முனையை மிதித்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா அளக்கிறீர்கள்?"

"வாலிபால் கோர்ட்டுய்யா. மூணாங்கிளாஸ், நாலாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு."

"எங்கள் ஊரில் ஏற்கெனவே வாலிபால் இருக்கிறது."

"அது பெரிய பையங்க ஆடுதது. சின்னதுக எல்லாம் சுத்தி நின்னு, கடல்ல விழுந்த பந்தைப் பொறுக்கிக் குடுக்குதுக. வலை எட்டலை, பந்து கை வலிக்கி. அதான் சின்னதுக்கு ஏத்த மாதிரி மாத்தி ஆடவைக்கலாம்னு."

மாத்தி. அந்தச் சொல்லைக் கவனித்தீர்களா? எதை மாற்ற வந்தாலும் சின்னப் பிள்ளைகளைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். பாயையும் பாத்திரத்தையும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

"டேப் வைத்து அளக்கக் கூடாது" என்றேன்.

"பின்ன எப்படிய்யா அளவு?"

"அது உங்கள் பாடு."

என்ன செய்தார் தெரியுமா? இருக்கிற பிள்ளைகளிலேயே சின்னவன் ஜோவின், ஒரு சாளை மீன் பருமன் இருப்பான், அவனைக் கூப்பிட்டுப் பந்தை எறியச் சொன்னார். முக்கி முனகி எறிந்தான். பந்து எங்கே விழுந்ததோ அதுதான் எல்லை என்றார். அவன் பலம் எவ்வளவோ மைதானம் அவ்வளவு. இப்படி ஒரு விதி பிறந்தது. யாரால் பிறந்தது? டேப்பை மிதித்தவனால் பிறந்தது. ஊரில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து வலை. புது வலை கொண்டுவந்தார். அதன் மேல்பட்டையில் ஏதோ கம்பெனியின் பெயர். "நன்கொடைய்யா" என்றார். பெயர் எழுதின வலை எங்கள் கரையில் விரிந்தால் நாளைக்குக் கரையே அந்தப் பெயரில் விரியும். கூடாது என்றேன். பிள்ளைகள் ஒரு கிழிந்த நைலான் வலையை இழுத்து வந்தார்கள். இரண்டு துடுப்பை மணலில் ஊன்றிக் கட்டினார்கள். துடுப்பு கொஞ்ச உயரம்தானே நிற்கும்? ஜோவின் கை தூக்கினால் வலைக்கு மேலே வந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு! அதுவும் என்னால் வந்தது.

விசில் கூடாது என்றேன். முற்றுகை அன்று விசில் ஊதிய பிறகுதான் தடியடி நடந்ததாம். நேரில் கேட்டவர்கள் சொன்னார்கள். விசிலுக்குப் பதிலாக, யார் கை தூக்கினாலும் ஆட்டம் நிற்கும் என்று வைத்தார்கள். விழுந்தவன் தூக்கலாம், அழுகை வருகிறவள் தூக்கலாம், மூத்திரம் வருகிறவன் தூக்கலாம்.

பிறகு ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். சிறுவர் ஆட்ட விதிகளாம். பந்து ஒருமுறை தரையில் குத்தி எழும்பலாம் என்று வாசித்தார். பந்தைப் போட்டார். மணலில் பந்து தொப்பென்று உட்கார்ந்தது. மறுபடியும் போட்டார், மறுபடியும் உட்கார்ந்தது. "டீச்சர், அது முட்டை போட்டிருச்சு!" என்றாள் செல்சியா. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். சரி, பிடித்து எறியலாம் என்று முடிவானது. அதற்குள் நான் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். எந்த அச்சகம் என்று போடவில்லை! அச்சகத்தின் பெயர் போடாமல் அச்சடிப்பவன் எதை மறைக்கிறான்? புத்தகம் வேண்டாம் என்றேன். இனி எந்த விதியையும் எழுதக் கூடாது, பிள்ளைகளின் பெயரையும் எந்தத் தாளிலும் எழுதக் கூடாது, எல்லாம் வாய்மொழி. எழுத்து என்றால் கையெழுத்து வரும். கையெழுத்து என்றால் சம்மதம் வரும்.

"சரிங்கய்யா" என்றார். எதைச் சொன்னாலும் சரிங்கய்யா. தம்பி, எதிர்த்துப் பேசாத எதிரிதான் ஆபத்தானவன்.

தினமும் போனேன். கண்காணிக்க வேண்டாமா? பிள்ளைகள் என்னைக் கண்டதும் "லேய், நோட்டீஸ் தாத்தா வாராவ!" என்று கத்துவார்கள். மரியாதையாகத்தான் கத்துவார்கள். நான் உட்கார ஒரு மிதவைக்கட்டையைப் போட்டு வைத்திருப்பார்கள். அதை யார் போடச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஒரே இடத்தில் உட்காரவைத்துவிட்டால் கண்காணிப்பது சுலபம்.

ஆட்டத்திலும் அநீதி இருந்தது. செல்சியாவுக்குக் கை பலம். கமிட்டித் தலைவர் பேத்தி வேறு. பந்து வந்தால் அவளே பிடிப்பாள், அவளே எறிவாள், மற்றவர்கள் பனைமரம் மாதிரி நிற்பார்கள். தனிநபர் துதி. எந்த இயக்கமும் இதில்தான் கெட்டது. பெரியவர்கள் ஆட்டத்தில் மூன்று பேருக்கு மேல் பந்தைத் தொடக் கூடாதாம். நான் எழுந்து நின்று அறிவித்தேன்: "இங்கே மூன்று பேருக்குக் குறையக் கூடாது. மூன்று பேர் கை படாமல் வலையைத் தாண்டினால் அந்தப் பந்து செல்லாது!"

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஐயா, இது நல்லாருக்கே" என்றார். புகழ்ந்து கவிழ்க்கப் பார்க்கிறார் என்று உடனே தெரிந்துகொண்டேன். ஆனாலும் அன்றுதான் ஜோவின் கையில் முதல்முறையாகப் பந்து வந்தது. வேறு வழியில்லாமல் செல்சியாவே கொடுத்தாள். வாங்கியவன் எறியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றான். "எறிடே, அது ஒங்க வீட்டுக் கோழியா?" என்று ஊரே கத்தியது. ஆமாம், ஊர்தான். பெண்கள் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்கத் தொடங்கியிருந்தார்கள்.

இனி அந்தக் குச்சிகள். கயிற்றை மூலையில் கட்ட நான்கு குச்சி வேண்டும் என்று டீச்சர் கெஞ்சினார். நான் இறங்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டேன். ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணி எல்லாக் குச்சியையும் பிடுங்கித் துடுப்புக்கு அடியில் கொண்டுவந்து போட வேண்டும். மணலில் ஒரு குச்சி மிஞ்சினாலும் ஆட்டம் செல்லாது. ஒருநாள் மறந்துபோய் ஒன்றை விட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் அதைப் பிடுங்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கே போனேன். செல்சியா அணியின் வெற்றி ரத்து. மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். கமிட்டித் தலைவர் பேத்தி என்று நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பிள்ளைகள் கோழி மேய்வதுபோல் மணலைத் தேடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். நடந்தபோது நான் அங்கே இல்லை. தூத்துக்குடியில் இருந்தேன். ஆமாம், அச்சகத்தில்தான். 'யார் இந்த எமிமாள்? பின்னணி என்ன?' என்று ஒரு நோட்டீஸ். இந்த முறை கம்போசிங் செய்கிற பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அடியில் 'இவண், கயத்தான் மோத்தா' என்று என் கண்முன்னால் போடவைத்தேன். முழு நாளும் ஆகிவிட்டது.

அன்றைக்குப் பார்த்து, காலையில், ஆண்கள் எல்லாம் கடலுக்குப் போன நேரத்தில், அரசு ஜீப்பில் சர்வேயர் வந்திருக்கிறான். கோயில் குருசடியிலிருந்து தெற்கே பனங்காடுவரை, கரை நெடுகக் குச்சி நட்டுவிட்டுப் போய்விட்டான். சிவப்புத் தலைக் குச்சி. நிஜமான குச்சி. கமிட்டி சாயங்காலம் கூடிப் பேசலாம் என்றதாம். கமிட்டி எப்போதும் கூடிப் பேசும்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து ஆடியிருக்கிறார்கள். அந்தப் பருவத்திலேயே முதல்முறையாக ஜோவின் அணி வென்றது. வென்றவர்கள் குதிக்கிறார்கள். தோற்றவர்கள் நான்கு குச்சியையும் பிடுங்கிப் போட்டார்கள். அப்போது செல்சியா கையை நீட்டிக் கத்தினாளாம்: "லேய், அங்க இன்னுங் குச்சி கெடக்கு! ஆட்டம் செல்லாது!"

"அது நம்ம குச்சி இல்லட்டி!"

"நம்ம குச்சியோ எவன் குச்சியோ! ஒரு குச்சி மிஞ்சுனாலும் செல்லாதுன்னு நோட்டீஸ் தாத்தா சொல்லிருக்காவல்ல?"

அவ்வளவுதான். ஜோவின் அழுதுகொண்டே ஓடினான். ஓடி முதல் குச்சியைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பிடுங்கினான். பிறகு இரண்டாவது. பிறகு அவன் அணி. பிறகு தோற்றவர்களும் பொறுக்க மாட்டாமல் சேர்ந்துகொண்டார்கள். விளக்கு வைப்பதற்குள் பனங்காடுவரை கரை மொட்டையாகிவிட்டது. எல்லாக் குச்சியும் துடுப்புக்கு அடியில்.

டீச்சர் என்ன செய்தார்? இதுதான் என் கேள்வி. கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். தடுக்கவில்லையாம். கடைசிக் குச்சி வந்து விழுந்ததும், "இப்பச் செல்லும்" என்றாராம். ஏன் தடுக்கவில்லை? பின்னணி என்ன?

மறுநாள் காலை நோட்டீஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குகிறேன், கரையில் போலீஸ் ஜீப். ஊரே நிற்கிறது. அரசு நட்ட குச்சியைப் பிடுங்குவது குற்றம், யார் செய்தது என்று எஸ்.ஐ. கேட்கிறார். டீச்சர் முன்னால் வந்தார்.

"பிள்ளைக மேல தப்பில்ல சார். என் விளையாட்டு, நான் சொன்ன விதி. கேஸுன்னா என் பேர்ல எழுதுங்க."

தம்பி, எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பட்டப்பகலில், ஊர் பார்க்க, என் விதியைத் தன் விதி என்கிறார்! கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"பொய்! அது என் விதி! குச்சி விதி, மூன்று பேர் விதி, கை தூக்குகிற விதி, எல்லாம் கயத்தான் மோத்தாவின் விதி!"

எஸ்.ஐ. என்னை மேலும் கீழும் பார்த்தார். "யோவ் பெருசு, நீயும் பந்து விளையாடுனியா?" ஊர் சிரித்தது.

டீச்சர் மெதுவாக, "ஐயா, நீங்க சும்மா இருங்க. இந்த வயசுல ஸ்டேஷன் கோர்ட்டுன்னு அலைய உங்க உடம்பு தாங்காது" என்றார். எப்படி அமுக்குகிறார் பாருங்கள்!

"விதி உன்னுதுன்னா எங்க எழுதிவச்சிருக்க? காட்டு" என்றார் எஸ்.ஐ.

எங்கேயும் எழுதவில்லை. எழுதவிடாமல் செய்தது யார் என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. அது வேறு காலகட்டம், வேறு தேவை. பிள்ளைகளைக் கேளுங்கள் என்றேன். எஸ்.ஐ. குனிந்து, "ஏய், குச்சியைப் புடுங்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றார். பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். செல்சியா தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சர்" என்றாள். எல்லாப் பிள்ளையும், "டீச்சர்!" ஜோவின் மட்டும் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னான்: "தாத்தா, ஒங்க பேரச் சொன்னா ஒங்களப் பிடிச்சிட்டுப் போயிருவான்னு டீச்சர் சொன்னாவ." பார்த்தீர்களா? முன்கூட்டியே பயிற்சி கொடுத்திருக்கிறார்.

பிறகு எஸ்.ஐ. ஒரு தாளை ஜீப்பின்மேல் வைத்து எழுதினார். சம்பவ இடத்தில் வைத்து எழுதுவது, மகஜர் என்பார்கள். என்னிடம் நீட்டி, "கையெழுத்துப் போடும்" என்றார்.

"வாசித்துக் காட்டாமல் போட மாட்டேன்" என்றேன்.

வாசித்தார். 'சிப்பித்துறை, தொம்மை மோத்தா மகன் கயத்தான் மோத்தா.' அரசாங்கத் தாளில், ஊர் முன்னால், கல்வெட்டுக்குப் பக்கத்தில் நின்று, என் பெயரையும் என் தகப்பனார் பெயரையும் வாசித்தார். நன்றாகவே வாசித்தார். மற்றதை வேகமாக வாசித்தார். பெயர் வந்த பிறகு மற்றதில் என்ன இருக்கப்போகிறது? கையெழுத்துப் போட்டேன். நானும் குற்றவாளி என்று நினைத்துத்தான் போட்டேன்.

சம்மன் வந்த பிறகுதான் தெரிந்தது. சாட்சி! டீச்சருக்கு எதிராக அரசுத் தரப்பு முதல் சாட்சி! வாழ்நாள் முழுவதும் அரசை எதிர்த்தவன் பெயர் முதல்முறையாக அரசுத் தாளில் ஏறுகிறது, எப்படி ஏறுகிறது பாருங்கள். அன்று இரவு வெறுந்தரையும் கொள்ளவில்லை எனக்கு.

ஆட்டம் அன்றோடு நின்றது. டீச்சரைக் கரைப்பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தண்டனை கிடைத்தால் வேலையும் போகுமாம். அது என் கவலை அல்ல. பிள்ளைகள் மறுபடியும் பெரிய பையன்களுக்குப் பந்து பொறுக்குகிறார்கள். துடுப்பு இரண்டும் ஊன்றியபடியே நிற்கின்றன. நான்தான் எடுக்கவிடவில்லை, சாட்சியம் அல்லவா. சாயங்காலம் போய் அந்தக் கட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். ஜோவினும் வந்து உட்காருவான். "எப்பத் தாத்தா ஆடுவோம்?" என்பான். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று சொல்வேன்.

அரசு வக்கீலின் குமாஸ்தா காலையில் வந்து பாடம் சொல்லிக் கொடுத்தான். "டீச்சர்தான் சொல்லிச்சு, பிள்ளைக புடுங்குச்சுன்னு சொல்லும். அஞ்சு நிமிஷத்துல பஸ்ஸைப் பிடிச்சிரலாம்." தலையாட்டினேன். எதிர்த்துப் பேசாத எதிரி எப்படிப்பட்டவன் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இதோ, பையில் என்ன வைத்திருக்கிறேன் பாருங்கள். அந்த நோட்டீஸ். ஒன்றே ஒன்று. மற்றவை கட்டுப் பிரிக்காமல் பரணில் கிடக்கின்றன. விநியோகிக்கக் காலம் கனியவில்லை. மூன்றாவது பத்தியைப் படியுங்கள்: 'இச்சதியை முறியடிக்க நான் விதித்த விதி யாதெனில், மணலில் ஒரு குச்சி மிஞ்சினாலும் ஆட்டம் செல்லாது.' அடியில் தேதி, அச்சகத்தின் பெயர், இவண் கயத்தான் மோத்தா. குச்சி பிடுங்கிய அதே நாள் தேதி! எழுத்தில் எங்கே என்று கேட்டாரே, இதோ எழுத்தில். நீதிபதி முன்னால் இதை நீட்டுவேன். விதி என்னுடையது, வழக்கும் என்னுடையது, இந்தம்மாவுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது, வீட்டுக்கு அனுப்புங்கள் என்பேன். திருட்டுப் புகழோடு அவரை ஜெயிலுக்கு விடுவேன் என்று நினைத்தாரா?

முழுவதையும் வாசிப்பேனா என்றா கேட்கிறீர்கள்? மூன்றாவது பத்தி மட்டும். மேலே இருக்கிற இரண்டு பத்தியும் இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதவை. குமாஸ்தா டேபிளில் கத்தரி இருந்தது, மேல்பாகத்தை வெட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இருங்கள், கதவு திறக்கிறது. டவாலி வந்துவிட்டான். முதலில் அவர் பெயரைத்தான் கூப்பிடுவான்... ஆமாம், எழுந்துவிட்டார். இந்தப் பக்கமாகத்தான் வருகிறார். பேசாமல் இருங்கள்.

கேட்டீர்களா? கேட்டீர்களா, என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்று? "ஐயா, அவங்க சொல்லிக்குடுத்தபடியே சொல்லிருங்க. எனக்காக வம்புல மாட்டிக்கிடாதீங்க." கடைசி நிமிடத்திலும் என் பெயரை அமுக்கத்தான் பார்க்கிறார்! பிளாஸ்க்கை வேறு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி, உள்ளே டீ இருக்கும்.

சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா? இந்த வராந்தாவில் இருக்கிற எல்லோரும் சாட்சி. நீங்கள், அந்த அம்மாள், கைக்குழந்தையோடு நிற்கிற அவர், எல்லோரும். முழுப் பெயரையும் கூப்பிடுகிறானா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஊரில் வந்து சொல்ல வேண்டியிருக்கும்.

தாளைப் பார்க்கிறான். கண்ணாடியைப் போடுகிறான்.

"சிப்பித்துறை, தொம்மை மோத்தா மகன் கயத்தான் மோத்தா! கயத்தான் மோத்தா! கயத்தான் மோத்தா!"